500-ஐ தாண்டினா பர்ஸ் காலி... கரன்ட் பில்லைக் குறைக்க சிம்பிள் வழிகள்!

மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்போம். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லியைக் கொசுறா கேட்டு வாங்குவோம். ஆனா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரன்ட் பில்லை மட்டும் எதுவும் பேசாம கட்டிடுவோம். உண்மையில், வீட்டுச் செலவில் சுலபமா மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்களில் அதுவும் ஒண்ணு.

அந்த ஒத்தை யூனிட்!

தமிழ்நாட்டில் 500 யூனிட் வரை ஒரு கட்டணம். அதைத் தாண்டினால் வேறு கட்டணம். 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை உதாரணமா எடுத்துப்போம். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! காரணம், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய் சலுகை, 500-ஐ தாண்டியதும் 4.50 ரூபாயாகிடும். அதன்பிறகு கட்டணம் உயர்ந்திருப்பதால், உங்க கடைசி பில்லையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

நடுவுல மீட்டரைப் பாருங்க

ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் குறிச்சு வைங்க. 30-வது நாள் மறுபடியும் மீட்டரைப் பாருங்க. 250 யூனிட்டைத் தாண்டியிருந்தா, அடுத்த 30 நாளும் கவனமா இருக்கணும்.

எது யூனிட்டைக் குடிக்குது?

1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இதை வச்சே கணக்குப் போடலாம்.

* ஃபேன்: 75 வாட் பழைய ஃபேன் தினமும் 12 மணி நேரம் சுத்தினா, ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன்னா 22 யூனிட்தான். எல்லாத்தையும் மாத்த வேண்டாம். அதிகம் ஓடுற ஃபேனை மட்டும் முதல்ல மாத்துங்க.

* கீசர்: 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் 60 யூனிட். 20 நிமிஷத்தில் அணைச்சா 40 யூனிட்.

* ஏ.சி: 18-ல் வச்சுட்டுப் போர்வை போத்திக்கிறதைவிட, 24-ல் வச்சு ஃபேனை மெதுவா ஓடவிடுங்க. ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும்.

* மோட்டார்: 1 ஹெச்.பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சது முக்கால் யூனிட் எடுக்கும். டேங்க் நிரம்பி வழிஞ்சா தண்ணியோடு காசும் போகும்.

எவ்வளவு மிச்சம்?

உங்க வீட்டில் 540 யூனிட் ஆகுதுன்னு வைங்க. ஒரு ஃபேனை மாத்தி, கீசரைப் பத்து நிமிஷம் குறைச்சாலே 488 யூனிட்டுக்கு வந்துடும். மேலே சொன்ன 2022 கட்டணப்படி 2,270 ரூபாய் பில், 1,653 ரூபாயாகிடும். இது ரெண்டு மாசத்துக்கு மட்டும். வருஷம் முழுக்க இப்படியே போனா, 3,700 ரூபாய் உங்க கையில்!