கதவைத் தட்டிய வழக்குகள்: ஒரு நான்கு வாரப் பயிற்சியின் பின்னே உள்ள வரலாறு

என் பேத்தி சட்டம் படிக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் நான்கு வாரப் பயிற்சிக்காகத் தில்லியில் ஒரு மனித உரிமை அமைப்பில் சேரப் போவதாகச் சொன்னாள். வீட்டில் பெரிய விவாதம். “பெரிய கம்பெனிகளுக்கு வக்கீலா இருக்கிறவங்ககிட்டப் போனா நாளைக்கு வேலை கிடைக்கும். இது எதுக்கும்மா, சர்க்காரோட வம்பு?” என்றான் என் மகன். அவள் பதில் பேசாமல், “தாத்தா, இதைப் படிச்சுப் பாருங்க” என்று ஒரு கற்றைத் தாளை என்னிடம் கொடுத்தாள். நான் பாத்திரக்கடைக்காரன், சட்டம் படித்தவன் அல்லன். கல்வெட்டு வாசிக்கும் பழக்கத்தால் தீர்ப்புகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்ததன் சாரமே இக்கட்டுரை.

பயிற்சி என்னும் ஏற்பாடு

வக்கீல் தொழிலை ஒரு மூத்தவரிடம் இருந்து கற்பது பழைய வழக்கம். படிப்பு முடிந்தபின் ஓராண்டு பயிற்சி கட்டாயம் என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் (பார் கவுன்சில்) 1995-ல் விதி செய்தது. அப்படி விதிக்க மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இதற்கிடையே பெங்களூரில் என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் தேசிய சட்டப் பள்ளி தொடங்கி, 1988-ல் முதல் அணி மாணவர்கள் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்திருந்தார்கள். பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே கொண்டுவரும் வழி அங்கிருந்து பரவியது.

2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் இதை எல்லாருக்கும் பொதுவாக்கின. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். ஒரே தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. எங்கெங்கே செய்யலாம் என்ற பட்டியலில் வக்கீல்கள், நீதிமன்றங்கள், கம்பெனிகள் இவற்றோடு தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. ஆக, என் பேத்தி கேட்டது விதிக்கு உட்பட்ட ஒன்றைத்தான்.

உரிமைச் சங்கங்கள்

குடியுரிமைக்காகச் சங்கம் வைப்பது நேற்று வந்த நாகரிகம் அன்று. 1936-லேயே நேருவின் முயற்சியில் இந்தியக் குடியுரிமைச் சங்கம் பம்பாயில் தோன்றியது. தாகூர் அதன் தலைவர். சரோஜினி நாயுடு செயல் தலைவர். நெருக்கடி நிலையின்போது, 1976-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கியது இன்றைய பி.யூ.சி.எல். மதுரையில் பிறந்து ஐதராபாதில் வக்கீல் தொழில் செய்த கே.ஜி. கண்ணபிரான் அதன் அகில இந்தியத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். வெளி மாநிலத் தமிழரான நமக்கு இது நினைவில் நிற்கவேண்டிய செய்தி.

கணினியும் கைப்பேசியும் வந்தபின் அதே வேலைக்குப் புதிய கிளைகள் முளைத்தன. பெங்களூரில் 2008-ல் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி, தில்லியில் 2010-ல் எஸ்.எஃப்.எல்.சி., 2016-ல் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன். இத்தகைய இடங்களுக்குத்தான் சட்ட மாணவர்கள் விடுமுறையில் போகிறார்கள்.

கதவும் கணக்குப் புத்தகமும்

இவர்கள் காக்கும் ‘அந்தரங்க உரிமை’ எங்கிருந்து வந்தது? அது ஒரு வியாபார நிறுவனத்தில் நடந்த சோதனையில் தொடங்குகிறது. 1953-ல் டால்மியா ஜெயின் குழுமத்தைச் சேர்ந்த இடங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடந்து, கட்டுக்கட்டாக ஆவணங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. எம்.பி. சர்மா வழக்கு என்று பெயர். 1954 மார்ச்சில் எட்டு நீதிபதிகள், அமெரிக்காவில் உள்ளது போன்ற அந்தரங்கக் காப்பு நம் அரசியல் சட்டத்தில் இல்லை என்றார்கள்.

இதைப் படித்தபோது என் இருபதாவது வயது நினைவுக்கு வந்தது. எங்கள் கடையிலும் ஒரு நாள் சோதனை நடந்தது. கணக்குப் புத்தகத்தோடு அப்பாவுக்கு ஊரிலிருந்து வந்த குடும்பக் கடிதங்களையும் மூட்டை கட்டிக் கொண்டு போனார்கள். தப்பு ஒன்றும் இல்லை என்று பின்னால் புத்தகங்கள் திரும்பின, கடிதங்கள் வரவில்லை. அப்பா பணத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. “அம்மா எழுதின கடுதாசி போயிடுச்சே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கு ஒரு சட்டப் பெயர் உண்டென்று எனக்கு அன்று தெரியாது.

அடுத்தது கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஏடு தொடங்கி, இரவில் கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்தது. 1962 டிசம்பர் 18-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இரவில் வீட்டுக்கு வருவது செல்லாது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்றது பெரும்பான்மை. நீதிபதி சுப்பாராவ் அதற்கு மாறுபட்டு எழுதினார். சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18-ல், பி.யூ.சி.எல். தொடுத்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில், போனில் பேசுவதும் அந்தரங்கமே என்றது நீதிமன்றம்.

2012-ல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி, ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. அப்போது வயது 86. அரசுத் தரப்பு பழைய அந்த இரண்டு தீர்ப்புகளையும் கையில் எடுத்தது. அதனால் ஒன்பது நீதிபதிகள் கூடவேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். சுப்பாராவின் மாறுபட்ட கருத்து 55 ஆண்டுகள் காத்திருந்து வென்றது. சமணர் இதை அநேகாந்தம் என்போம். உண்மைக்குப் பல முகம். சிறுபான்மைக் கருத்தையும் ஏட்டில் வைத்திருந்தால் என்றாவது உதவும்.

தீர்ப்பு போய்ச் சேர்ந்ததா?

இனித்தான் மாணவர்களின் வேலை புரியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மனம் புண்படும்படி இணையத்தில் எழுதினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் 21 வயதான ஷ்ரேயா சிங்கல். 2015 மார்ச் 24-ல் அந்தப் பிரிவு ரத்தானபோது அவர் ஒரு சட்ட மாணவி.

கதை அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. செத்துப்போன பிரிவில் போலீஸ் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்தன. பி.யூ.சி.எல். மறுபடி நீதிமன்றம் போனது. 2021 மார்ச் கணக்குப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருந்தன என்று காட்டினார்கள். இந்தப் பிரிவில் இனி யார்மீதும் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிடவேண்டி வந்தது.

அந்த 745 எப்படிக் கிடைத்தது? மாவட்ட நீதிமன்றப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த கணக்கு அது. என் பேத்தியும் இந்த மாதிரி வேலைதான் செய்தாள். பழைய வழக்குகளுக்குத் தேதிப் பட்டியல் தயாரித்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினாள். வந்த பதில்களை அடுக்கினாள். “போர் அடிக்குதா?” என்று கேட்டேன். “உங்க பேரேடு மாதிரிதான் தாத்தா. ஒரு வரி விட்டுப்போனா ஒரு ஆள் விட்டுப்போயிடுவார்” என்றாள். என் மகன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வாரம் அவனே அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான்.

நாம் செய்யக்கூடியது

அவளுடன் பயிற்சிக்கு வந்த மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டாம் வாரமே ஊர் திரும்பிவிட்டான். சம்பளம் இல்லை, தில்லியில் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை. கெட்டிக்காரப் பையன் என்று பேத்தி வருந்தினாள். உரிமைக்காக வேலை செய்வது வசதி உள்ளவர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், கரக் சிங்குக்காக யார் வருவார்?

எங்கள் சமயத்தில் தானம் நான்கு: ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம். அப்படி வரும் ஒரு மாணவனுக்கு நான்கு வாரம் சோறும் அறையும் கொடுத்தால் ஆகார தானம் ஆயிற்று. அவன் படிப்புக்கு உதவியதால் சாத்திர தானம் ஆயிற்று. அவன் உழைப்பால் எங்கோ ஒருவர் வீட்டுக் கதவு இரவில் தட்டப்படாமல் இருந்தால் அபய தானமும் ஆயிற்று. நம் சங்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாடு போய் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அடுத்த கோடைக்குள் அப்படிப்பட்ட வீடுகளின் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயார் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் வீட்டை எழுதிக்கொள்ளலாம்.