கேமரன் மலையும் கவாத்துக் கத்தியும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர், 1885-ஆம் ஆண்டில் அப்பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரனிடம் தொடங்குவர். 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜே. ஏ. ரசலிடம் வந்து நிற்பர். இருவரும் நினைக்கத்தக்கவரே. எனினும், அம்மலைச் சரிவுகள் சீவி விட்டாற்போன்ற இன்றைய தோற்றத்தைப் பெற்றது கவாத்துக் கத்தி ஏந்திய கைகளாலேயாம்.

தேயிலை இயல்பில் மரம். வெட்டாது விட்டால் 30 அடிக்கு மேலும் ஓங்கும். அதனை இடுப்பளவில் நிறுத்திக் கொழுந்து பறிக்கும் பொருட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைத் தறிப்பர். இதுவே கவாத்து. (படைவீரர் பயிற்சிக்கும் தமிழில் இதே சொல் வழங்குகிறது. நிரை நிரையாய் ஒரே உயரத்தில் நிற்கும் செடிகளைக் கண்டவர்க்கு அது வியப்பாயிராது.)

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. எனவே, கேமரன் மலைத் தேயிலை கங்காணி முறைக் காலத்துப் பயிராகும். 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தபின், அந்தப் பழைய வரவும் நின்றது.

கவாத்தின் நுட்பம் முழுவதும் கத்தியின் வாயில் இருக்கிறது. வளைந்த அலகினால் ஒரே வீச்சில் சாய்வாக வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும், பட்டையை உரிக்கும். பிளவில் மழைநீர் தங்கும், பூஞ்சணம் புகும், மரம் மேலிருந்து கீழாக உளுத்துப்போகும். இக்கேடு அன்றே தெரிவதில்லை. வெட்டியவன் வேறு மலைக்குப் போனபின் தெரியும்.

ஆதலின், கத்தியைத் தேர்வதில் தச்சன் உளி தேர்வது போன்ற கவனம் வேண்டியிருந்தது. தோய்ச்சல் மிகுந்த இரும்பு வாய் சிதறும், குறைந்தது மடங்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட பதமே நல்ல உருக்கு. தீட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் சொரசொரப்பான கல், பின்னர் மென்கல், இடையறாது நீர். மறுபுறத்தில் எழும் மெல்லிய பிசிறைத் தேய்த்து நீக்கினால்தான் கூர் முழுமை பெறும். தச்சன் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் படியவைத்துத் தேய்ப்பதும் இதற்காகவே. விரைவை விரும்பிச் சுழலும் சாணையில் அழுத்திப் பிடிப்போர் உண்டு. அலகு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், தோய்ச்சல் கெட்டது; பிறகு எத்தனை தீட்டினும் கூர் நில்லாது.

செடிக்கணக்கில் வேலை அளக்கப்படும் இடத்தில், கல்லின்முன் கழியும் நேரத்திற்குக் கூலி இல்லை. தோட்டக் கணக்கேட்டில் வெட்டிய செடிகளுக்குக் கட்டம் உண்டு. தீட்டிய கத்திக்கு ஏது? ஆயினும், நல்ல தொழிலாளி அந்நேரத்தைத் தன் ஓய்விலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

இன்று பல சரிவுகளில் இயந்திரங்கள் ஒலிக்கின்றன. அவற்றை இயக்குவோரிற் பலர் பிற நாட்டினர். தொடக்க காலத்தில் நட்ட செடிகள் சில இன்னும் கொழுந்து தருகின்றன. அவற்றின் அடிமரத்தில் முடிச்சு முடிச்சாய்த் தெரிபவை, கூரிய கத்தி பட்டு ஆறிய வெட்டுகள். பக்கத்திலேயே, உட்கூடாகிப் போன கிளைகளும் உள்ளன.