வீட்டு பிளான் ஃபைல் திறக்கலையா? இதை செக் பண்ணுங்க!

திண்டிவனத்தில் இன்ஜினீயர் போட்டுத் தந்த வீட்டு பிளான், விழுப்புரம் பிரின்ட் கடையில் திறக்க மாட்டேங்குதா? மறுபடி வரையக் காசு கொடுத்துடாதீங்க!

வெர்ஷன்: டி.டபிள்யூ.ஜி ஃபைலை நோட்பேடில் திறந்தால், முதல் 6 எழுத்து ‘ஏசி1032’ என்று இருக்கா? அது 2018 ஃபார்மட். ஆட்டோகேட் 2017-லும் அதற்கு முந்தையதிலும் திறக்காது. ‘சேவ் ஆஸ்’ கொடுத்து 2010 ஃபார்மட்டில் அனுப்பச் சொல்லுங்க. இலவச ‘டி.டபிள்யூ.ஜி ட்ரூவியூ’விலும் மாத்திக்கலாம்.

சைஸ்: 0 கே.பி-ன்னா காலி ஃபைல். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக மறுபடி வாங்குங்க.

பழுது: ஆட்டோகேடில் ‘ரெக்கவர்’ கமாண்ட் கொடுங்க. சரிவரலைன்னா, இன்ஜினீயர் கம்ப்யூட்டரில் உள்ள ‘.பேக்’ ஃபைலை காப்பி எடுத்து, ‘.டி.டபிள்யூ.ஜி’ எனப் பெயர் மாத்தச் சொல்லுங்க.

அதில் இருப்பது முந்தைய சேவ். கடைசியா செஞ்ச மாற்றம் விட்டுப்போயிருக்கலாம். அளவுகளைச் சரிபார்த்த பிறகே மேஸ்திரி கையில் கொடுங்க!