பாறை விழுந்தால் கூரையைக் காப்பது கான்கிரீட்டா, மணலா?

சுவிட்சர்லந்து, ஜப்பான் நாடுகளின் மலைச்சாலைகளில் சில இடங்களில் கான்கிரீட் கூரை போட்டிருப்பார்கள். மேலிருந்து உருளும் பாறைகள் வாகனங்கள்மேல் விழாமல் தடுப்பதற்கு அது. அந்தக் கூரைமேல் மணலோ சரளையோ பரப்பியிருப்பதும் உண்டு.

கான்கிரீட்டே இருக்கும்போது மணல் எதுக்கு?

மெத்தையின் வேலை

பள்ளியில் உயரம் தாண்டும் போட்டியைப் பார்த்திருப்பீங்க. தாண்டுபவர் மெத்தையில் விழுந்தால் எழுந்து போய்விடுவார். அதே வேகத்தில் சிமெண்ட் தரையில் விழுந்தால் அடிபடும். மெத்தை அமுங்குகிறது, அவர் மெதுவாக நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாறைக்கும் இதே கணக்குதான். 1 டன் பாறை 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்.

- 1 சென்டிமீட்டருக்குள் நின்றால்: சராசரியாக 2,000 டன் எடைக்குச் சமமான விசை
- மணலில் 20 சென்டிமீட்டர் புதைந்து நின்றால்: சுமார் 100 டன்

மணல் இன்னொன்றும் செய்கிறது. ஒரே இடத்தில் விழும் அடியைக் கூரையின் பெரிய பரப்புக்குப் பரப்பிவிடுகிறது.

அப்படின்னா நிறைய மணல் கொட்டலாமே?

முடியாது. 1 மீட்டர் தடிமனுக்குக் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒன்றரை டன்னுக்குமேல் சுமை ஏறும். பாறை விழாத நாளிலும் கூரை அதைச் சுமக்க வேண்டும்.

அதனால் ஜப்பானில் மூன்றடுக்கு முறையும் உண்டு: மேலே மணல், நடுவில் கான்கிரீட் பலகை, அடியில் எடை குறைந்த பாலிஸ்டிரீன் நுரை.

சேறும் பாறையும் சேர்ந்து வந்தால்?

கனமழையில் நீர், சேறு, பாறை, மரம் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து வரும். 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி பேராக்கின் போஸ் டிப்பாங்கில் அப்படி வந்த வெள்ளம் 44 பேரின் உயிரைப் பறித்தது.

இங்கே அடி மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். ஹாங்காங்கில் தடுப்புச் சுவருக்கு முன்னால் கல் நிரப்பிய கம்பிவலைக் கூடைகளை அடுக்குகிறார்கள். கூடை நசுங்கும், சுவர் தப்பிக்கும். ஆனால் நசுங்கிய கூடை அடுத்த அடியை அதே அளவு தாங்காது. பாறைகளோ ஒன்றன்பின் ஒன்றாக வரும். எனவே ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் சோதித்து மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் தடுக்குமா?

தடுக்காது. 2003 நவம்பர் 26ஆம் தேதி கோலாலம்பூர் அருகே புக்கிட் லஞ்சானில் பெரும் பாறைச்சரிவு நெடுஞ்சாலையை அடைத்தது. சாலை மீண்டும் திறக்கச் சுமார் ஆறு மாதம் ஆனது. அவ்வளவு பெரிய சரிவுக்கு எந்த மெத்தையும் போதாது. சரிவையே முன்கூட்டிக் கண்காணித்து வலுப்படுத்துவதுதான் வழி.

அடுத்த முறை மலைச்சாலையில் 'பாறை விழும் பகுதி' எனும் பலகையைப் பார்த்தால், படம் எடுக்க அங்கே வண்டியை நிறுத்தாதீங்க. கடந்து போய்விடுங்க.