குரலுக்கு எத்தனை அகலம்?

ஆவடி என்றதும் 1955ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டை நினைப்போர் உண்டு. பீரங்கி வண்டித் தொழிற்சாலையை நினைப்போரும் உண்டு. எனக்கோ வானொலிக் கோபுரமே முதலில் நினைவுக்கு வரும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்சு ஒலிபரப்பு பல்லாண்டுகள் அங்கிருந்தே புறப்பட்டது.

அவ்வலை ஒற்றைக் கோடு அன்று. பேச்சு அதன்மீது ஏறியதும் இருபுறமும் பக்க அலைகள் விரியும். நொடிக்கு 4,500 முறை வரை அதிரும் ஒலிகளை அனுப்ப, இரு பக்கமும் சேர்த்து 9,000 ஹெர்ட்சு அகலம் வேண்டும். இரு பக்கங்களும் சொல்வது ஒரே செய்தி. ஆகவே ஒரு பக்கமே போதும் என்று 1915இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் கார்சன் கண்டார். 1927இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய வானொலித் தொலைபேசி அம்முறையிலேயே பேசிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெச்சூர் வானொலியாளரும் அதனைக் கைக்கொண்டனர்.

அவர்கள் கருவியில் குரலை அளந்து விடுவது வடிகட்டி. அதன் வழக்கமான அகலம் ஏறத்தாழ 2,400 ஹெர்ட்சு. அதனை 1,800 ஆகக் குறைத்தால் இரைச்சலில் கால் பங்கு நீங்கும். நெருங்கி நிற்கும் அயலான் குரலும் விலகும். இலாபம் என்றே தோன்றும். ஆனால் உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. சகரம் போன்ற உரசொலிகளின் உயிரோ மேலே, 3,000க்கும் அப்பால் உள்ளது. அகலம் சுருங்கச் சுருங்க, ‘பசி’யா ‘பதி’யா என்ற ஐயம் எழும். என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒருவன் இவ்வாறே மாற்றி எழுதினான். மின்விசிறியின் இரைச்சலை எண்ணாமல் அவனைக் கடிந்துகொண்டேன், பிழை அவனுடையதன்று.

இருபுறமும் அயல்நிலையங்கள் நெருக்கினால் 1,800 நன்று. வானம் அமைதியாயிருந்தால் 2,400க்கும் மேலே அகட்டுவதே என் விருப்பம். காலளவு இரைச்சலுக்கு அஞ்சி மெய்யெழுத்துகளை இழப்பது நல்ல பேரம் அன்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளர் போர்ட்பிளேரில் இருந்தார். தொலைபேசி ஓய்ந்த தீவுகளிலிருந்து, மக்களின் நலச் செய்திகள் அவர் கருவி வழியே இந்தியப் பெருநிலத்துக்கு வந்தன. அத்தகைய செய்திகளில் மிகுதி ஆட்பெயர்களே. வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் கேட்போர் கருத்தால் நிரப்பிக்கொள்வர். பெயரில் பிசகினால் நிரப்ப வழியில்லை. அதனால்தான் அமெச்சூர் வானொலியாளர் பெயரை எழுத்தெழுத்தாக, எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்கின்றனர்.