மேலே ஏரி, கீழே ஊர்

அணை என்றதும் வயலுக்கு நீர் பாய்ச்சும் அணையும் மின்சாரம் தரும் அணையுமே நம் நினைவுக்கு வருகின்றன. மீன் பிடிக்கவும் படகு விடவும் தனியார் வைத்திருக்கும் அணையை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அப்படிப்பட்ட ஓர் அணை ஒரு தொழிலாளர் நகரத்தையே அழித்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்ற நகரம் இருக்கிறது. 1889ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் இரும்பு ஆலையை நம்பிப் பிழைத்தவர்கள். நகருக்கு 14 மைல் மேலே, மலையில், சவுத் ஃபோர்க் என்னும் 72 அடி உயர மண் அணை இருந்தது. கால்வாய்ப் படகுப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டியது அது. இரயில் வந்தபின் கால்வாய்க்கு வேலை இல்லாமற் போயிற்று. அணையும் கைமாறியது. 1879இல் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று அதை வாங்கியது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற பெருமுதலாளிகள் அதன் உறுப்பினர்கள்.

அணையின் அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்கள் சங்கம் வாங்குவதற்கு முன்பே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. சங்கம் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. குதிரை வண்டி போவதற்காக அணையின் தலைப்பைத் தாழ்த்தியது. வளர்த்த மீன்கள் தப்பிப் போகாதபடி, மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தது. 1880இல் இரும்பு ஆலை அனுப்பிய பொறியாளர் ஒருவர் இந்தக் குறைகளைச் சுட்டிக் காட்டினார். சங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை.

1889 மே 31. விடிய விடிய பெருமழை. கலிங்கின் தடுப்பில் மரமும் சருகும் அடைத்துக்கொண்டன. ஏரி நிரம்பிக் கரைமேல் வழிந்தது. மண் அணைக்கு அதைவிடப் பகை வேறில்லை. வழியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும். எச்சரிக்கைத் தந்திகள் ஊருக்கு அனுப்பப்பட்டன. ஆனால் "புலி வருது, புலி வருது" என்று பல ஆண்டு கேட்டுப் பழகிய மக்கள் அவ்வளவாக அசையவில்லை. பிற்பகல் 3 மணியளவில் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் நீர் நகரை அடைந்தது. 2,200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 99 குடும்பங்கள் அடியோடு அழிந்தன.

வழக்குத் தொடுத்தவர்களுக்குச் சங்கத்திடமிருந்து இழப்பீடு கிடைக்கவில்லை. அது இயற்கையின் செயல் என்றே கருதப்பட்டது. அணையை மாற்றாதிருந்தாலும் உடைந்தே இருக்கும் என்று 1891இல் பொறியாளர் குழு ஒன்று கூறியது. ஆனால் 2016இல் வெளிவந்த ஆய்வு அம்முடிவை மறுத்தது. தலைப்பைத் தாழ்த்தியதே அணையின் தாங்கும் ஆற்றலைப் பெரிதும் குறைத்தது என்று அது காட்டியது.

பெரிய அணைதான் உயிரைப் பறிக்கும் என்பதில்லை. 1977 நவம்பர் 6ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் தொக்கோவா என்ற இடத்தில், ஏறத்தாழ 40 அடி உயரமே உள்ள கெல்லி பார்ன்ஸ் அணை நள்ளிரவுக்குப்பின் உடைந்தது. அதுவும் தனியாருடையது, மின் உற்பத்தி நின்றபின் பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. உறக்கத்திலிருந்த 39 பேர் இறந்தார்கள். அதன்பின் அமெரிக்க அரசு, தனியார் அணைகள் உட்பட ஆயிரக்கணக்கான அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டது.

அங்கே அணைகளுக்கு மூன்று அபாயத் தரங்கள் உண்டு. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடுமென்றால், அது உயர்ந்த அபாயத் தரம். உயிர் போகாது, சொத்துக்குப் பெருஞ்சேதம் வரும் என்றால் நடுத்தரம். இரண்டும் இல்லையென்றால் தாழ்ந்த தரம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தத் தரம் அணையின் பலத்தைச் சொல்வதில்லை. கீழே யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. உறுதியான அணையும் உயர்ந்த அபாயத் தரத்தில் இருக்கலாம். காட்டின் நடுவே இருக்கும் அணைக்குக் கீழே நாளை பத்து வீடுகள் எழும்பினால், அணை மாறாவிட்டாலும் அதன் தரம் ஏறிவிடும்.

ஏரியின் இன்பம் மேலே இருப்பவர்களுக்கு. அதன் ஆபத்து கீழே இருப்பவர்களுக்கு. ஆகவே கரை யாருடையது, கலிங்கு திறந்திருக்கிறதா, ஆபத்து வந்தால் நமக்கு யார் சொல்வார், எந்த மேட்டுக்குப் போவது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. அது கீழே குடியிருப்போரின் உரிமை.