இருமுறை எடுத்த முதற்பகுதி

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு. முதற்படி பிழையாயின் அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். கிழித்ததை எவரும் காண்பதில்லை. அப்படிக் கைவிடப்பட்ட ஒரு முதற்படி அழியாமல் எஞ்சி, உலகத்தார் பார்வைக்கு வந்த வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

1963ஆம் ஆண்டு இலண்டனில் பி.பி.சி. நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடர் நாடகத்தைத் தொடங்கியது. காலத்தைக் கடந்து செல்லும் இயந்திரம் ஒன்றில் தம் பேத்தியோடு உலவும் முதியவரின் கதை அது. நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் கனடா நாட்டவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணிக்கு அப்போது வயது 27. முதற்பகுதியை இயக்கிய வாரிஸ் ஹுசேன் 1938இல் நமது லக்னோவில் பிறந்தவர்; வயது 24. எழுத்தாளர் அத்தியா ஹொசைன் அவருடைய அன்னையார்.

லைம் குரோவ் என்னுமிடத்திலிருந்த பழைய படப்பிடிப்பு நிலையத்தில், செப்டம்பர் 27ஆம் நாள் முதற்பகுதி பதிவாயிற்று. ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது அந்நாளில் கடினம், செலவும் மிகுதி. ஆகவே நடிகர்கள் மேடை நாடகம் போலவே பெரும்பாலும் தொடர்ச்சியாக நடித்தனர். இயந்திரத்தின் கதவுகளோ சரிவர மூடாமல் தொல்லை தந்தன. முதியவரும் மிகக் கடுமையானவராகத் தோன்றினார். பார்த்த நியூமனுக்கு மனநிறைவில்லை. எனினும் அவ்விளைஞர்களை விலக்காமல், மீண்டும் எடுக்குமாறு பணித்தார்.

அக்டோபர் 18ஆம் நாள் இரண்டாம் பதிவு நிகழ்ந்தது. முதியவரின் கடுமை தணிந்தது. ஒரு சிறு திருத்தம் என் மனத்தைக் கவர்ந்தது. முதற்பதிவில் பேத்தி, தான் பிறந்தது 49ஆம் நூற்றாண்டு என்பாள். இரண்டாம் பதிவில் அவ்வெண் இல்லை; வேறொரு காலம், வேறொரு உலகம் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. ஓர் எண்ணை நீக்கியதால் கதையின் எல்லை விரிந்துவிட்டது.

வானொலி அன்பர்களுக்கு உகந்த செய்தி ஒன்றும் உண்டு. அவ்வியந்திரம் புறப்படும் விந்தை ஒலி, பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் பழைய பியானோவின் தந்திகளை ஒரு சாவியால் தேய்த்து உண்டாக்கியதே!

நவம்பர் 23ஆம் நாள் ஒளிபரப்பு. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துயரச் செய்திகளுக்கிடையே நாடகத்தைக் கண்டோர் சுமார் 44 இலட்சம் பேர். மறுவாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியையே மீண்டும் காட்டினர்; அப்போது கண்டோர் சுமார் 60 இலட்சம். ஆக, இருமுறை பதிவான நாடகம் இருமுறை ஒளிபரப்பும் பெற்றது. கைவிடப்பட்ட முதற்பதிவையும் 1991இல் மக்கள் கண்டனர்.

அயலூரில் பணிபுரிவோர் பலருக்கும் முதற்பிழையைப் பற்றிய அச்சம் உண்டு. அதைக் கொண்டே நம்மை என்றென்றும் மதிப்பிட்டுவிடுவார்களோ என்று உள்ளம் கலங்கும். லக்னோவில் பிறந்த அவ்விளைஞரின் முதற்பிழை அவரை வீழ்த்தவில்லை. 1965இல் அதே நிறுவனத்திற்காக, இந்தியாவைக் களமாகக் கொண்ட ‘எ பாசேஜ் டு இந்தியா’வைத் தொலைக்காட்சி நாடகமாக இயக்கினார். திருத்தமாகச் செய்யும் திறன் வேண்டும். திருத்திக்கொள்ள இடமளிக்கும் மேலோரும் வேண்டும். இரண்டும் அன்று ஒருங்கே அமைந்தன.